ஒலிம்பியா முதல் ஏஷியாட் வரை: ஊர் விளையாட்டு விழாவில் பழைய ஐம்போட்டி, வரலாற்றுப் பலகைகள் – யோசனை சொல்லுங்கள்

#1 | வெட்டாறு மன்றம்

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் ஊர் இளைஞர் மன்றம் மே மாத விடுமுறையில் ஒருநாள் விளையாட்டு விழா வைக்கிறது. உறியடி, சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல் எல்லாம் பொங்கலோடு ஆயிற்று. இந்த விழா வேறு மாதிரி: காலையில் பழைய கிரேக்கத்து ஐம்போட்டி, மாலையில் இன்றைய தடகளம், திடலைச் சுற்றி 12 பலகைகளில் ஒலிம்பியாவிலிருந்து ஆசிய விளையாட்டு வரை பன்னாட்டுப் போட்டிகளின் வரலாறு.

பள்ளித் திடலும் அதை ஒட்டிய தரிசு வயலும் சேர்த்து நீளம் 210 மீட்டர், அகலம் 60 மீட்டர் கிடைக்கிறது. வயல் களிமண், பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

பழைய ஓட்டத்துக்கு எத்தனை மீட்டர் அளக்க வேண்டும்? துப்பாக்கி இல்லாத காலத்தில் எப்படிப் புறப்பட வைத்தார்கள்? பலகையில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதில் மன்றம் உறுதியாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

#2 | குடமுருட்டி

நல்ல காரியம் தம்பி. முதலில் நீளம். ஒலிம்பியாவில் ஓடுகளம் 600 அடி. இன்றைய அளவில் 192.27 மீட்டர். கி.மு. 776இல் வென்றவன் என்று பட்டியலில் முதலில் நிற்கும் எலிஸ் நாட்டுக் கொரோய்போஸ் ஓடியது இந்த ஒற்றை நீள ஓட்டம்தான். அப்போது வேறு போட்டியே இல்லை. இரட்டை நீளம் கி.மு. 724இல் வந்தது, நெடுந்தூர ஓட்டம் 720இல், ஐம்போட்டியும் மல்யுத்தமும் 708இல், குத்துச்சண்டை 688இல், நான்கு குதிரைத் தேர் 680இல். ஒரே ஓட்டமாக இருந்தது பல போட்டிகளாக வளர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஒரு பலகையில் இந்த வளர்ச்சியை மட்டும் கோடு போட்டுக் காட்டினாலே போதும்.

ஆனால் உங்கள் திடலில் 192 மீட்டர் வேண்டாம். 210இல் 192 போனால் மீதி 18. புறப்படும் இடத்துக்குப் பின்னால் 3 மீட்டராவது வேண்டும், ஓடி நிற்க 15 மீட்டர்கூட மிஞ்சாது. முழு வேகத்தில் வருகிற பையன் வரப்பில் போய் விழுவான். டெல்பியின் அளவை எடுங்கள். அங்கேயும் 600 அடிதான், ஆனால் அந்த ஊர் அடி சிறியது. ஒலிம்பியா அடி சுமார் 32 செ.மீ., டெல்பி அடி சுமார் 29.6 செ.மீ. ஆகவே டெல்பி களம் 177.5 மீட்டர். உங்களுக்கு முன்னும் பின்னும் 32 மீட்டர் மிச்சம் இருக்கும். பலகையில் இரண்டு அடிக்கோலையும் மரத்தில் செய்து பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். உலகத்துக்கு ஒரே அளவு என்பது பின்னாளில் வந்தது என்று பார்த்தவுடனே புரியும்.

ஒலிம்பியா ஒன்றுதான் பழங்காலப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். மகுடப் போட்டிகள் நான்கு. ஒலிம்பியாவும் டெல்பியும் நான்காண்டுக்கு ஒருமுறை, நெமியாவும் இஸ்த்மியாவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. ஒன்றோடு ஒன்று மோதாதபடி ஆண்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன: முதல் ஆண்டு ஒலிம்பியா, இரண்டாம் ஆண்டு நெமியாவும் இஸ்த்மியாவும், மூன்றாம் ஆண்டு டெல்பி, நான்காம் ஆண்டு மறுபடி நெமியாவும் இஸ்த்மியாவும். நாட்காட்டியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்ததால்தான் இந்த நான்கும் நூற்றாண்டுக் கணக்கில் ஓடின. பரிசு இலை மகுடம்: ஒலிம்பியாவில் காட்டு ஒலிவம், டெல்பியில் லாரல், நெமியாவில் காட்டு செலரி, இஸ்த்மியாவில் பைன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஒலிவ இலை வாங்காதீர்கள். மாவிலையோ வேப்பங்கொத்தோ வளைத்துக் கட்டினால் போதும், பலகையில் மூல இலையின் பெயரை எழுதிவிடுங்கள்.

களத்தில் இலைதான், ஊர் திரும்பினால் வேறு. ஏதென்ஸில் ஒலிம்பிய வெற்றியாளனுக்கு 500 திராக்மா என்று சோலன் சட்டம் போட்டான். ஊர்ச் செலவில் ஆயுள் முழுக்கச் சாப்பாடும் உண்டு. ‘அந்தக் காலத்தில் காசே கிடையாது’ என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

#3 | மன்னை பி.டி.

தளம் பற்றி. தரிசு வயலில் வெறுங்காலோடு ஓட விடுவதானால் நெல் அடித்தாளை மண் மட்டத்துக்கு அறுத்து, அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தாள் உள்ளங்காலைக் கிழித்துவிடும்.

வெடிப்பில் மணல் மட்டும் கொட்டாதீர்கள். மணல் வெடிப்புக்குள் இறங்கிவிடும், மேலே கிடப்பது காலை வழுக்கும். வயல் மண்ணையே தூளாக்கி மணல் கலந்து வெடிப்பை அடையுங்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்பு மாலையில் தண்ணீர் தெளித்து, மறுநாள் மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் உருளை ஓட்டுங்கள். ஈரம் மிஞ்சினால் மண் உருளையோடு எழும்பி வரும், காய்ந்தபின் முன்னைவிட மோசமாக வெடிக்கும். இரண்டு முறை லேசாக ஓட்டுவது ஒருமுறை அழுத்தி ஓட்டுவதைவிட நல்லது.

மாலைத் தடகளத்துக்கு 400 மீட்டர் தடம் உங்கள் இடத்தில் வராது. உலகத் தரத் தடத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். அகலம் மட்டுமே 73 மீட்டர் தாண்டிவிடும். 200 மீட்டர் தடம் போடுங்கள். கணக்கு இது:

நேர்ப்பகுதி 40 மீட்டர் வீதம் இரண்டு. மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டம், ஆரம் 19.10. சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டு விளிம்புக்கட்டை வைக்காத தடத்தில், கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் தூரம் அளப்பது. ஆகவே உள்கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். தடத்துக்கு 1.22 மீட்டர் வீதம் நான்கு தடம் போட்டால் மொத்தம் 87.56க்கு 47.56 மீட்டர். 60 மீட்டர் அகலத்தில் தாராளமாக உட்காரும்.

ஒரு சுற்று ஓட்டத்துக்கு ஒவ்வொரு வெளித் தடமும் முந்தையதைவிட 7.67 மீட்டர் முன்னால் புறப்பட வேண்டும். பலரும் 400 மீட்டர் தடத்தின் 7.04 என்ற எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது விளிம்புக்கட்டை உள்ள தடத்தில் முதல் தடத்தை 30 செ.மீ. தள்ளி அளப்பதால் வருவது, அதுவும் இரண்டாம் தடத்துக்கு மட்டும். கட்டை இல்லாத தடத்தில் அதைப் போட்டால் வெளித்தடக்காரன் தடத்துக்கு 63 செ.மீ. வீதம் கூடுதலாக ஓடுவான்.

மூலைமட்டம் பார்க்க 12, 16, 20 மீட்டர் முக்கோணம் வையுங்கள். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். இரும்பு டேப் 50 மீட்டர் ஒன்று போதும்.

#4 | கடைமடைத் தச்சன்

புறப்பாடு பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் கிரேக்கர்களின் கைவேலை தெரியும்.

முதலில் கல்வரிசை. தரையோடு பதித்த நீளக் கல்லில் இரண்டு இணைக் காடி வெட்டியிருக்கும். ஒரு கால் விரல்கள் முன் காடியிலும் இன்னொன்று பின் காடியிலும் பிடித்து, உடல் முன்சாய, கைகளை முன்னே நீட்டி நிற்பார்கள். இன்று போலக் குனிந்து கையூன்றும் முறை இல்லை. முன்கூட்டிப் புறப்பட்டால் சாட்டையடி.

அடி போதவில்லை போலும், பொறி செய்தார்கள். இஸ்த்மியாவில் முதலில் செய்தது முக்கோணக் கல்தளம். நடுவில் குழி, குழிக்குள் புறப்பாட்டுக்காரர். அங்கிருந்து 16 வாயிலுக்கும் தனித்தனிக் கயிறு, கல்லில் வெட்டிய காடி வழியாகப் போகும். கயிறுகளை விட்டால் 16 தடுப்புக் கட்டையும் விழ வேண்டும். நடுவாயிலுக்குக் கயிறு குட்டை, ஓரத்துக்கு நீளம். நீளக் கயிற்றில் உராய்வு கூடும். எல்லாம் ஒரே நொடியில் விழ வைப்பது பெரும்பாடு. அந்த அமைப்பு நிலைக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் நெமியாவில் அடித்தளக் கல் கிடைத்திருக்கும் ஹிஸ்ப்ளெக்ஸ் பொறி. கவண் எந்திரத்தின் தத்துவம். கல்வரிசையின் இரு முனையிலும் ஒரு கம்பு. கம்பின் அடி முறுக்கிய நார்க்கற்றைக்குள் சொருகியிருக்கும். முறுக்கு கம்பை முன்னால் தரையில் அறையப் பார்க்கும். அதை நிமிர்த்திக் கொளுக்கியில் மாட்டி வைத்துவிடுவார்கள். இரு கம்புக்கும் இடையே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. பின்னால் நிற்பவர் கொளுக்கிக் கயிற்றை இழுத்ததும் இரு கம்பும் முன்னால் சாயும், குறுக்குக் கயிறுகள் தரையில் படியும், ஓட்டக்காரர்கள் அதைத் தாண்டி ஓடுவார்கள். 1996 முதல் நெமியாவில் நடக்கும் மீட்டெடுத்த போட்டியில் இதே பொறியைச் செய்து ஓட விடுகிறார்கள்.

நீங்கள் செய்ய: சவுக்குக் கம்பு 1.2 மீட்டரில் இரண்டு. 8 பேர் நிற்க 10 மீட்டர் இடைவெளி. கம்பின் அடிப்பகுதிக்கு 60 செ.மீ. சதுரப் பலகைச் சட்டம், மேலே இரண்டு மணல்மூட்டை. முறுக்குக்கு நைலான் கயிறு போடுங்கள். தேங்காய் நார்க்கயிற்றின் இறுக்கம் காலைப் பனிக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே பலம் நிற்காது. குறுக்குக் கயிற்றுக்கு மெல்லிய பருத்திக் கயிறு.

எங்கே பிசகும்? இரண்டு கம்புக்கும் முறுக்குச் சுற்று சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் பின்தங்கி விழும், அந்தப் பக்கத்து இரண்டு பேருக்குக் கயிறு காலில் மாட்டும். ஒரே கொளுக்கிக் கயிறு இரண்டாகப் பிரிந்து போகும்படி நடுவிலிருந்து இழுங்கள், இரு கிளையும் ஒரே நீளம் இருக்கட்டும். குறுக்குக் கயிறு தொய்யக் கூடாது, இழுத்தும் கட்டக் கூடாது: மிக இறுக்கினால் கம்பு விழும்போது கயிறு தரைக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். முறுக்கேற்றியபின் கம்புக்கு முன்னால் பக்கவாட்டில் யாரும் நிற்கவே கூடாது.

#5 | வெட்டாறு மன்றம்

அண்ணே, படமே வரைந்து பார்த்துவிட்டோம், அருமை. 12 வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளுக்கும் இதையே வைக்கலாமா?

#6 | கடைமடைத் தச்சன்

வேண்டாம் தம்பி. அவர்களுக்குக் கல்வரிசைக் காடி மட்டும், சொல்லிப் புறப்பட வைத்தால் போதும். பெரியவர்களுக்கும் விழாவுக்கு முந்தின நாள் ஆளில்லாமல் இருபது தடவையாவது விழ வைத்துப் பாருங்கள்.

#7 | அலைவாய் (நாகை)

தடகள நடுவர் பணியில் இருப்பவள். ஐம்போட்டி பற்றி எழுதுகிறேன். வட்டு, தாண்டுதல், ஈட்டி, ஓட்டம், மல்யுத்தம் – இவை ஐந்தும். மூன்றில் வென்றவனுக்கு முழு வெற்றி. மல்யுத்தம் கடைசி.

தாண்டுதலில் கையில் எடை பிடித்திருந்தார்கள். கல் அல்லது ஈயம், பெரும்பாலும் கைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. முன்னே வீசி எழும்பி, இறங்கும்போது பின்னே தள்ளுவார்கள். நம் பிள்ளைகள் ஓடிவந்து இதைச் செய்தால் தோள்பட்டை பிசகும். நின்ற இடத்தில் தாண்டட்டும், கைக்கு ஒரு கிலோ போதும். மணல்குழி 40 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி நெகிழ்த்தியிருக்க வேண்டும். எடையைக் கையைவிட்டு எறிவதற்குத் தடை சொல்லிவிடுங்கள், குழிக்கு அப்பால் 10 மீட்டர் யாரும் நிற்கக் கூடாது.

ஈட்டியில் நடுப்பகுதியில் தோல்வார் சுற்றி, அதன் கண்ணியில் விரலை மாட்டி எறிந்தார்கள். வார் அவிழும்போது ஈட்டி சுழலும், பாதை நிலைக்கும். கூர் இல்லாத மூங்கிலில் செய்து காட்டலாம். போட்டியாக வைக்காதீர்கள். பழகாத கையில் வார் விரலில் சிக்கினால் ஈட்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

வட்டுக்கு எறிவட்டம் 2.50 மீட்டர் விட்டம். விழும் பகுதியின் கோணம் 34.92 டிகிரி. கோணமானி தேவையில்லை: வட்ட மையத்திலிருந்து 20 மீட்டரில் இரண்டு முளை, இரண்டுக்கும் நடுவே சரியாக 12 மீட்டர். மையத்திலிருந்து அந்த முளைகள் வழியாகக் கோடு இழுத்தால் கோணம் தானாக அமையும். கூண்டு வலை இல்லாவிட்டால் பார்வையாளர் எல்லாரும் எறிபவருக்குப் பின்னால் 25 மீட்டர் தள்ளி. வலது கைக்காரர் தாமதமாக விட்டால் வட்டு இடது பக்கம் போகும், அந்தப் பக்கத்தைக் காலியாக வையுங்கள்.

ஈட்டிக்கு ஒரு பலகை கட்டாயம் கேட்கிறேன். 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இன்னும் கொஞ்சம் போனால் எதிர்ப்பக்கத் தடத்தில் ஓடுபவர் மேல் விழும் நிலை. 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடைமையத்தை 4 செ.மீ. முன்னே தள்ளினார்கள். மூக்கு சீக்கிரம் கவிழும், தூரம் குறையும், தரையில் பட்ட இடமும் தெளிவாகத் தெரியும். பல போட்டிகளை ஒரே அரங்குக்குள் நடத்தினால் ஒன்று இன்னொன்றின் விதியை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

#8 | பாமணியாறு

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இது போல எதுவும் இல்லையா? உறையூர்ச் சோழர்களுக்கு மற்போர் உண்டே. அதையும் ஒரு பலகையில் சேர்க்கலாமே.

#9 | குடமுருட்டி

மற்போர் உண்டு, சேர்க்கவும் வேண்டும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றின் 80ஆம் பாட்டு. ஒரு கால் மார்பிலும் மறு கால் முதுகிலும் ஊன்றிய பிடியை அவர் விவரிப்பதைப் பார்த்தால் மல்லுப் பிடி நன்றாகத் தெரிந்தவர் பாட்டு என்று விளங்கும். அதன் பக்கத்தில் கிரோட்டன் ஊர் மிலோவை வையுங்கள்: ஒலிம்பியாவில் ஆறு முறை வென்ற மல்லன். அங்கே மூன்று முறை வீழ்த்தினால் வெற்றி, எடைப் பிரிவு கிடையாது.

ஆனால் நேர்மையாக எழுத வேண்டும். புறநானூற்றில் இருப்பது ஒரு மற்போர். குறித்த ஆண்டு இடைவெளி, பல நாட்டு ஆட்கள், பல போட்டிகள், வழிப் பாதுகாப்பு உடன்படிக்கை – இந்த நான்கும் சேர்ந்த அமைப்பைத்தான் பன்னாட்டுப் பல்விளையாட்டு என்கிறோம். நம் மல்லனுக்கு உள்ள பெருமை போதாது என்று இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை.

வழிப் பாதுகாப்பு என்றதும் ஒன்று. ‘ஒலிம்பிக் நடந்தால் போர் எல்லாம் நின்றுவிடும்’ என்பது தவறு. உடன்படிக்கை பயணிகளையும் புனிதத் தலத்தையும் காத்தது, அவ்வளவே. மீறியதற்காகக் கி.மு. 420இல் ஸ்பார்ட்டாவுக்குத் தண்டம் போட்டு வெளியே நிறுத்தினார்கள். கி.மு. 364இல் போட்டி நடக்கும்போதே தலத்துக்குள் எலிஸ்காரர்களும் ஆர்க்கேடியர்களும் மோதினார்கள்.

லஞ்சமும் உண்டு. கி.மு. 388இல் தெசலி நாட்டு யூபோலஸ் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்துக் குத்துச்சண்டையில் வென்றான். தண்டப் பணத்தில் ஆறு வெண்கலச் சிலைகள் செய்து, ஓட்டக்காரர்கள் களத்துக்குள் நுழையும் வழியில் நிறுத்தினார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவனும் அதைக் கடந்துதான் போக வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! உங்கள் நுழைவாயிலில் இந்தப் பலகையைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

#10 | குடமுருட்டி

நவீன காலத்துக்கு, வாட்ஸ்அப் வரிகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

1896 ஏதென்ஸில் தங்கப் பதக்கம் இல்லை. முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கொம்பும். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில்தான். 1896இன் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர், வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ். 42.195 என்பது 1908 லண்டனில் விண்ட்சர் அரண்மனையிலிருந்து அரங்கத்து அரச இருக்கை வரை அளந்ததால் வந்த எண். 1921இல்தான் நிலைப்படுத்தினார்கள்.

ஐந்து வளையத்தைப் பழைய கிரேக்கச் சின்னம் என்று போடாதீர்கள். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய குபெர்த்தான் 1913இல் வரைந்தது, 1920 ஆன்ட்வெர்ப்பில் கொடியாகப் பறந்தது. டெல்பியில் வளையம் பொறித்த கல் ஒன்று உண்டு. 1936 பெர்லின் தீப ஓட்டத்துக்காகச் செய்து வைத்த கல் அது, பின்னால் வந்தவர்கள் பழங்கல் என்று எழுதிவிட்டார்கள். தீப ஓட்டமும் 1936இல் ஜெர்மனியின் கார்ல் டீம் என்பவர் ஏற்பாடு செய்ததுதான். அரங்கில் தீபம் 1928 ஆம்ஸ்டர்டாமிலிருந்து.

1896 திடீரென்று முளைக்கவும் இல்லை. இங்கிலாந்தின் மச் வென்லாக் ஊரில் மருத்துவர் வில்லியம் பென்னி புரூக்ஸ் 1850 முதல் நடத்தினார். ஏதென்ஸிலேயே ஸப்பாஸ் என்ற வணிகரின் பணத்தில் 1859, 1870, 1875இல் போட்டிகள் நடந்தன. ஊர் விழாதான் உலக விழாவுக்கு விதை. உங்கள் மன்றத்துப் பிள்ளைகள் மச் வென்லாக் பலகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

#11 | மன்னை பி.டி.

தடத்தின் வரலாறும் சேருங்கள். 1896இல் சுற்று 333.33 மீட்டர், வளைவு மிகக் கூர்மை, ஓடியதும் இன்றைக்கு நேர்மாறாகக் கடிகாரத் திசையில். 1900 பாரிஸில் 500 மீட்டர் புல்தரை. 1908இல் மூன்று சுற்றுக்கு ஒரு மைல். 1928இல்தான் 400 மீட்டர் தடம் வந்தது. உங்கள் 200 மீட்டர் தடத்தில் வளைவில் கால் வழுக்குவதைப் பார்க்கும்போது 1896 ஓட்டக்காரன் பட்ட பாடு புரியும். வளைவின் நுழைவில் சுண்ணாம்பு தடிப்பாகப் போடாதீர்கள், அதுவே வழுக்கும்.

சுற்று எண்ண ஒரே ஆளை நம்பாதீர்கள். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் தடைதாண்டலில் எண்ணுபவர் தவறியதால் எல்லாரும் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார்கள். 200 மீட்டர் தடத்தில் 3000 என்றால் 15 சுற்று. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் தனி எண்ணிக்கைத் தாள், சுற்று முடியும்போது நேரத்தையும் பக்கத்தில் எழுதணும். முன்னணி ஓட்டக்காரருக்கு அட்டை, கடைசிச் சுற்றுக்கு மணி.

#12 | அலைவாய் (நாகை)

கைக்கடிகார நேரத்துக்கு: மூன்று கடிகாரத்தில் நடு நேரம். இரண்டே இருந்தால் மெதுவான நேரம். நூறில் ஒரு பங்கு காட்டினாலும் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்ற வேண்டும்: 12.31 என்றால் 12.4. மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவதானால் 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடி சேருங்கள். ‘மாவட்டச் சாதனையை ஊர் விழாவில் முறியடித்தான்’ என்ற செய்தி பெரும்பாலும் இதைச் சேர்க்காததால் வருவது.

நடுவர் யார் என்பதற்கும் ஒரு பலகை வையுங்கள். 1908 லண்டன் 400 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் கார்ப்பென்டர் வழிமறித்தார் என்று பிரிட்டிஷ் நடுவர்கள் ஓட்டத்தை ரத்து செய்து, கயிறு கட்டித் தடம் பிரித்து மறுபடி ஓடச் சொன்னார்கள். மற்ற இரண்டு அமெரிக்கர்களும் மறுத்துவிட, பிரிட்டனின் ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். போட்டி நடத்தும் நாடே நடுவரையும் விதியையும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உலகம் கண்டுகொண்டது. 1912இல் பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம் பிறந்தது. உங்கள் விழாவிலும் பக்கத்து ஊர் ஆள் ஒருவரை நடுவராகச் சேருங்கள்.

மே வெயில் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1904 மாரத்தான் பிற்பகலில், 32 டிகிரி வெப்பத்தில், புழுதிச் சாலையில் நடந்தது. தண்ணீர் கிடைக்கும் இடத்தை வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். புறப்பட்டவர் 32, முடித்தவர் 14. வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சை ஊக்கமருந்தாகக் கொடுத்தார்கள். 1912 ஸ்டாக்ஹோமில் போர்த்துகல் வீரர் பிரான்சிஸ்கோ லசாரோ ஓட்டத்தில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். நெடுந்தூர ஓட்டத்தைக் காலை ஆறரைக்குள் முடியுங்கள். பதினொரு மணி முதல் நான்கு மணி வரை எந்த ஓட்டமும் வேண்டாம், பலகை பார்க்கட்டும். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஒரு பானை, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் தனியாக. நீர்மோர் ஓட்டம் முடிந்தபின். ஒலிம்பியாவிலேயே நல்ல நீர் வசதி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெரோடஸ் அட்டிகஸ் நீர்மாடம் கட்டியபின்தான் வந்தது.

#13 | பாமணியாறு

ஆசியா பற்றி யாரும் எழுதவில்லையே? பிள்ளைகள் கேட்கப் போவது ஏஷியாட், கபடி இரண்டும்தான்.

#14 | குடமுருட்டி

எழுதுகிறேன். இந்தப் பகுதிக்கு மூன்று பலகையாவது ஒதுக்குங்கள்.

முதலில் தூரகிழக்குப் போட்டி, 1913 மணிலா முதல் 1934 மணிலா வரை பத்து முறை. பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும் தூண்கள். சீனாவிடமிருந்து ஜப்பான் பிடித்துவைத்த மஞ்சுகுவோவைச் சேர்ப்பதா என்ற தகராறில் அது உடைந்தது. அதே 1934இல் டெல்லியிலும் பட்டியாலாவிலும் மேற்காசியப் போட்டி நடந்தது: இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, பாலஸ்தீனம். அது ஒரே முறையோடு நின்றது.

இந்த இரண்டையும் இணைக்க வேண்டும் என்று நின்றவர் இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி. 1949 பிப்ரவரியில் டெல்லியில் ஆசிய விளையாட்டுச் சம்மேளனம் அமைந்தது. 1950இல் நடக்க வேண்டிய முதல் போட்டி, ஏற்பாடு முடியாமல் 1951 மார்ச் 4 முதல் 11 வரை நடந்தது. 11 நாடுகள், 489 வீரர்கள். கால்பந்து இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியாவுக்குத் தங்கம், கோல் அடித்தவர் மேவாலால்.

1962 ஜகார்த்தா பலகையைச் சுருக்க வேண்டாம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தரவில்லை. சோந்தி எதிர்த்தார், கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அந்தச் சூழலில், மொத்த அரங்கமும் எதிராகக் கத்த, இந்தியக் கால்பந்து அணி தென்கொரியாவை 2-1 என்று வென்றது. ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்ய, அந்நாட்டு அதிபர் சுகர்ணோ 1963 நவம்பரில் கனேஃபோ என்று தனி உலகப் போட்டியே நடத்தினார். அரசியல் வேறு விளையாட்டு வேறு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒலிம்பிக் குழுவுக்கு நேர் எதிராக, இரண்டும் ஒன்றுதான் என்று அறிவித்துவிட்டு நடத்திய போட்டி அது. அதில் ஆடியவர்களுக்குத் தடை வந்தது. இந்தோனேசியாவும் வடகொரியாவும் 1964 டோக்கியோவில் பங்கேற்கவில்லை.

கபடி 1936இல் பெர்லினில் காட்சி ஆட்டமாக ஆடப்பட்டது, 1982 டெல்லி ஏஷியாடிலும் காட்சி ஆட்டம்தான், 1990 பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியாயிற்று. இந்தியாவுக்குத் தங்கம்.

#15 | அலைவாய் (நாகை)

பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கடைசிப் பலகையில் ஒரு வரியாக ஒதுக்கிவிடாதீர்கள், கால வரிசையில் உரிய இடத்தில் வையுங்கள். கி.மு. 396, 392இல் ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா தேர்ப்பந்தயத்தில் வென்றாள். குதிரைக்கு உரிமையாளரே வெற்றியாளர் என்ற விதி அவளுக்கு வழிவிட்டது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்னிஸில் சார்லட் கூப்பர் வென்றார். ஒலிம்பிக் தடகளத்தில் இடம் தர மறுத்தபோது பிரான்ஸின் ஆலிஸ் மிலியா 1922இல் பாரிஸில் பெண்களுக்கென்றே உலகப் போட்டி நடத்தினார். அந்த நெருக்கடியால்தான் 1928இல் கதவு திறந்தது. 800 மீட்டர் முடிவில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியதால் அந்த ஓட்டத்தை நீக்கினார்கள், திரும்ப வந்தது 1960இல்.

காது கேளாதோருக்கு 1924இல் பாரிஸில் பன்னாட்டுப் போட்டி. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தை வைத்தார். 1960 ரோமில் அது பாராலிம்பிக்காக வளர்ந்தது. 2016 ரியோவில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியது அந்தப் புல்வெளியின் நீட்சி. உயரம் தாண்டும் கம்பை 1.89இல் நிறுத்தி வைத்துவிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும்.

#16 | வெட்டாறு மன்றம்

பலகை வரிசை கிட்டத்தட்ட அமைந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மாலை நிகழ்ச்சியை 4×200 தொடரோட்டத்தோடு முடிக்கிறோம். நம் டெல்டா ஓட்டக்காரர்கள் பலகையை அதன் பக்கத்தில் வைக்க ஆசை. கோல் மாற்றும் பகுதி எப்படிக் குறிப்பது?

#17 | மன்னை பி.டி.

பலகைக்கு: லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், 2014 இஞ்சியான் ஏஷியாடில் 400 மீட்டர் வெண்கலம். 2018 ஜகார்த்தாவில் ஆண் பெண் கலப்புத் தொடரோட்டம் முதல்முறை சேர்ந்தபோது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸோடு ஓடி வெள்ளி, பிறகு பஹ்ரைன் வீராங்கனை ஊக்கமருந்தில் சிக்கியதால் அது தங்கமாயிற்று. பேரளத்து ராஜேஷ் ரமேஷ், 2023 ஹாங்சோவில் 4×400 தங்கம் வென்ற நால்வரில் ஒருவர். பேரளம் உங்கள் மாவட்டம்தான், அந்தப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

கோல் மாற்ற: உங்கள் தடத்தில் ஆளுக்கு ஒரு சுற்று. தடம் பிரித்து நான்கு சுற்று ஓடினால் வெளித்தடத்தில் முன்னிடைவெளி நான்கு மடங்காகி வளைவெல்லாம் கோடாகிவிடும். முதல் ஆள் மட்டும் தன் தடத்தில் ஓடட்டும், புறப்பாட்டு இடைவெளி முன்னே சொன்ன 7.67தான். இரண்டாம் ஆள் கோலோடு மாற்றும் பகுதியைத் தாண்டியதும் உள்தடத்துக்கு வரலாம், அந்த இடத்தில் பச்சைக் கொடி நடுங்கள். மாற்றும் பகுதி முடிவுக்கோட்டுக்கு முன்னும் பின்னும் 10 மீட்டர், மொத்தம் 20. கோல் கைமாறுவது இந்த 20க்குள் நடக்க வேண்டும். பார்க்க வேண்டியது கோலின் இடத்தை, காலின் இடத்தை அல்ல. கோல் கீழே விழுந்தால் விட்டவரே எடுக்க வேண்டும். கொடுத்து முடித்தவர் உடனே குறுக்கே விலகினால் பின்னால் வருபவர் மோதுவார், அடுத்தவர் கடக்கும்வரை தன் கோட்டிலேயே நிற்கச் சொல்லுங்கள். கோல் 28 முதல் 30 செ.மீ. நீளம், 50 கிராமுக்குக் குறையாமல். மூங்கில் வேண்டாம், சிராய் ஏறும். அரை அங்குல பி.வி.சி. குழாயை அறுத்து விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், நிறுத்துப் பார்த்து 50 கிராம் வராவிட்டால் உள்ளே மணல் அடைத்து இரண்டு பக்கமும் மூடி ஒட்டுங்கள். நான்கு அணிக்கு நான்கு நிறம், கூடுதலாக இரண்டு கையிருப்பு.